தெற்குக் கொப்பு

கூரியேந்தல் கண்மாய்க்கரையில் நின்ற மருதமரம் கார்த்திகைப் புயலில் வேரோடு சாய்ந்து, அடிமரத்திலிருந்து கொப்பு கிளை வரைக்கும் ஊரே பங்கு போட்டு எடுத்துக்கொண்டு போய், அது நின்ற குழியும் தூர்ந்து அருகம்புல் படர்ந்துவிட்ட பிறகு, மறு வருஷத்து மழையோடு வந்த பறவைகள் வழக்கம்போலக் கண்மாயைச் சுற்றிச் சுற்றி வந்து, வழக்கம்போலக் கால்களை நீட்டித் தாழ இறங்கி, அந்த மரத்திலேயே போய் உட்கார்ந்தன. மரம் அங்கே இல்லை. பறவைகள் இருந்தன. உச்சியில் நத்தைகுத்தி நாரைகள், அதற்குக் கீழே கரண்டிவாயன்கள், ஓரங்களில் வக்காக்கள், தண்ணீருக்கு மேல் தெற்கே நீண்டிருந்த கொப்பில் கூழைக்கடாக்கள் என்று, யாருக்கு எந்தக் கொப்பு என்பதை என்றைக்கோ பேசி முடித்துவிட்டதுபோல, வெறும் ஆகாயத்தில் அடுக்கடுக்காக உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தன.

முதலில் பார்த்தவன் கரையோரம் டீக்கடை வைத்திருக்கும் வேலாண்டி. பார்த்தான், அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்தான், இன்னொரு தடவை பார்த்தான். "வந்துருச்சுகப்பா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு டிக்காஷன் வடிகட்டப் போய்விட்டான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்த வருஷம் பறவைகள் கொஞ்சம் பிந்தி வந்திருப்பதைப் பற்றித்தான் பேசினார்கள்.

கூரியேந்தல்காரர்கள் எதற்கும் லேசில் வாயைப் பிளக்கிறவர்கள் இல்லை. பறவைகள் குஞ்சு பொரிக்கிற காலத்தில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கொட்டு வைக்காமல், தீபாவளிக்கு ஓர் ஊசிவெடிகூட வெடிக்காமல், கிறிஸ்துமஸ் ராத்திரியில் மாதா கோயில் மணியின் நாக்கில் துணி சுற்றி அடித்துப் பழகிய ஊர் அது. பறவைகளுக்காக அத்தனை நாள் சத்தத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்கு, அவை இல்லாத மரத்தில் உட்கார்ந்தது ஒரு பெரிய அதிசயமாகத் தெரியவில்லை; பழகின இடம், வேறே எங்கே போகும் என்றார்கள். மரம் இருந்த வட்டத்தைக் குறுக்கே மிதித்துப் போகாமல் ஆணும் பெண்ணும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். ஆடுகள் மட்டும் அடிமரத்துக்குள் நேராக நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தன. ஆட்டுக்கு என்ன மரியாதை தெரியும் என்று விட்டுவிட்டார்கள். எச்சம் மேலே விழாமல் இருக்க அந்த இடத்தில் மட்டும் குடை பிடித்தார்கள். நிழல் விழவில்லை, ஆனாலும் உச்சி வெயிலில் அங்கே நின்றால் உடம்பு குளிர்ந்தது. காமிராவோடு டவுனிலிருந்து காரில் வந்தவர்கள் "மரம் எங்கே?" என்று கேட்டபோது, "அந்தா" என்று கையைக் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

பறவைகள் காற்றில் குச்சியை வைத்தன, குச்சி நின்றது. அதன்மேல் இன்னொரு குச்சியை வைத்தன. கொஞ்ச நாளில் ஆகாயம் முழுக்கக் கூடுகள். கூடுகள் நின்ற வரிசையைப் பார்த்தாலே எந்தக் கொப்பு எங்கே பிரிந்து எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்று சொல்லிவிடலாம் என்றாள் ஜெசிந்தா டீச்சர். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் கழுத்தில் பைனாகுலரும் கையில் பிளாஸ்க்குமாகக் கரையில் உட்கார்ந்திருப்பவள் அவள். அவளுக்குச் சினிமா, திருவிழா, ஊர்ப்பேச்சு எல்லாமே பறவைதான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக்கூட அந்தக் குழாய் வழியாகத்தான் பார்த்தாள், அதனால்தான் அவர் சிறகு முளைத்துப் பறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஆனால் எந்தக் கொப்பு இப்போது எந்த வீட்டில் என்னவாக இருக்கிறது என்று முழுசாகத் தெரிந்தவர் ஒருவர்தான்; சந்தியாகு ஆசாரி. கண்மாய் மரம் கண்மாய்த் தண்ணீர் பாய்கிற அத்தனை வீட்டுக்கும் சொந்தம், அதை விலைக்கு விற்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்ட விடவும் கூடாது என்பது கூரியேந்தல் கட்டுப்பாடு. அதனால் மரம் விழுந்ததும் வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்து, பங்கை ஆசாரியிடமே ஒப்படைத்து, அவரவருக்கு வேண்டியதைச் செய்து வாங்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அது கட்டிலாகிப் படுத்தது, ஒரு வீட்டில் உலக்கையாகி மூலையில் சாய்ந்தது, மாதா கோயிலில் பெஞ்சாகவும் மாரியம்மன் கோயிலில் சப்பரத் தண்டாகவும் ஆனது. சுள்ளிகள் மட்டும் அடுப்புக்குப் போயின.

அறுப்பு வேலை நடந்துகொண்டிருந்த மாசி மாசத்தில்தான் அவர் பெண்டாட்டி மதலேனாள் படுக்கையில் விழுந்தாள். பிழைக்க மாட்டோம் என்று அவளுக்கே தெரிந்த பிறகு, ஒரு காலையில் கட்டிலைப் பட்டறைப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள். மரத்தின் நடுவில் கறுத்து இறுகிக் கிடப்பது வைரம். அது மகன் பேரன் காலத்துக்கும் நிற்கும். அதைச் சுற்றி வெளுத்துக் கிடப்பது வெள்ளை. கரையான் அதைத்தான் முதலில் தேடும். சவப்பெட்டிக்கு வெள்ளை, கதவுக்கு வைரம் என்பது ஆசாரிகளின் முறை. முப்பது வருஷம் ஆசாரியோடு குடித்தனம் செய்தவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

"எனக்குப் பெட்டி எதுல செய்யப் போறீக?" என்று கேட்டாள்.

சந்தியாகு ஆசாரி இழைப்புளியைக் கீழே வைத்தார். அதன் வாயில் சிக்கியிருந்த சீவலை உருவினார்.

"பேசாம இருந்து என்னை ஏமாத்திப்புட்டு அடிமரத்துல கை வச்சிறாதீக. அந்த வைரம் நம்ம வாசக் கதவுக்கு. எனக்கு அந்தத் தெக்குக் கொப்பு போதும். இளங்கொப்பு, முழுக்க வெள்ளையாத்தான கெடக்கு? மண்ணுக்குள்ள படுத்துக்கிட்டு நான் யாருக்கு வைரம் காட்டப் போறேன்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், இருமல் வந்து சிரிப்பை நிறுத்தியது. அவர் அவள் சொன்னபடியே செய்தார். தெற்குக் கொப்பு முழுவதும் பெட்டியாகி அவளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. அடிமரத்து வைரத்தில் ஒற்றைப் பலகையாக ஒரு கதவு இழைத்து வாசலில் மாட்டினார். ஊரிலேயே அகலமான கதவு அது. திறக்கும்போதும் சாத்தும்போதும் முனகாது. அதன் அழகைப் பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லையே என்று அவருக்கு ஆறவே இல்லை.

பறவைகள் வந்து இறங்கிய அன்று ஊர் மரத்தைப் பார்த்தது, சந்தியாகு ஆசாரி தெற்குக் கொப்பைப் பார்த்தார். மதலேனாள் படுத்திருக்கிற கொப்பின் மேல் மூன்று கூழைக்கடாக் கூடுகள், பக்கத்தில் பக்கத்தில், தண்ணீருக்கு மேலே அசங்காமல் நின்றன. அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்து உளியைத் துடைத்து வைத்ததும் கரைக்கு வந்துவிடுவார். வீட்டுக்காரி போன பிறகு ஒரேயடியாகச் செத்துக் கிடந்த சாயங்காலங்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்தன. டீச்சரிடம் பைனாகுலரை வாங்கிப் பார்த்து, குஞ்சு பொரித்த நாளன்று சின்னப் பையனைப்போலக் குதித்தார். மயிர் முளைக்காத, கருகின கத்திரிக்காய் மாதிரியான குஞ்சுகளைப் பார்த்து "என்ன அழகு, என்ன அழகு" என்று அவர் சொன்னதை ஊர் பெரிய மனதோடு கேட்டுக்கொண்டது.

மரத்தைத் தொட முடியாது. கை ஊடே போய்விடும். அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், மீன் விற்கிற ராக்காயி உலக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் வந்த நாள் வரைக்கும். அவள் யாருடனோ வாயாடிக்கொண்டே சுற்றிப் போக மறந்து குறுக்கே நடந்தாள். 'டொக்' என்று உலக்கை எதிலோ முட்டியது. ராக்காயி மல்லாக்க விழுந்தாள்.

"எந்த எடுபட்ட பயடா அது?" என்று எழுந்தவள் எதிரே யாரும் இல்லாததைப் பார்த்து, உலக்கையால் இன்னொரு தடவை காற்றை இடித்தாள். டொக். மருத உலக்கை, அதே மரத்தில் செய்தது. ஊர் திரண்டு வந்து அகப்பையும் பலகையும் கொண்டுவந்து தட்டிப் பார்த்தது. அந்த மரத்தின் கட்டை அந்த மரத்தில் முட்டியது. மற்றது எதுவும் முட்டவில்லை. ராக்காயி அன்றைக்கு ரொம்ப நேரம் உலக்கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வியாபாரத்துக்குப் போகவில்லை.

இன்னொரு சங்கதியை வேலாண்டி கண்டுபிடித்தான், ஐயோ என்று அலறிக்கொண்டே. அவன் பங்கு மருதத்தில் செய்த டீக்கடை பெஞ்சின் கால் ஒன்று முறிந்துபோனது. மழையில் விறகு எரியாமல் புகைந்த நேரத்தில் அதை எடுத்து அடுப்பில் சொருகிவிட்டான். கால் எரிந்து கங்கானபோது மரத்தின் மேலண்டை ஓரத்தில் வக்காக்கள் ஒருமிக்கக் கத்திக்கொண்டு எழும்பின. ஒரு கூடு, அடியில் இருந்த பிடியை யாரோ உருவிக்கொண்டது போல, முட்டைகளோடு நேராகக் கீழே விழுந்தது. வேலாண்டி உடைந்த முட்டைகளுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அழுதான். ஊர் அவனைத் திட்டவில்லை. அவரவர் வீட்டுக்கு ஓடி, அடுப்புப் பக்கம் கிடந்த மருதக்கட்டை அத்தனையையும் எடுத்துச் சாமி மாடத்திலும் பரணிலும் பத்திரப்படுத்தியது. கட்டை இருக்கும் வரை கொப்பு இருக்கும், கட்டை போனால் கொப்பு போகும். இவ்வளவுதான் விஷயம் என்று புரிந்துகொண்டு, பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தார்கள்.

எல்லோரும் கட்டில் காலையும் கதவையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது சந்தியாகு ஆசாரி மட்டும் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தீயில் எரிந்தால் மட்டுமா கட்டை போகும்? வெள்ளைக் கட்டை, ஈர மண், மேலே கோடை மழையும் அடைமழையுமாக இரண்டு மழை. கரையான் எத்தனை நாள் எடுத்துக்கொள்ளும் என்று ஆசாரிக்குத் தெரியாதா? அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவள் மண்ணாகிக்கொண்டிருக்கிறாள் என்பதை வாயால் சொல்ல அவரால் முடியவில்லை.

தை மாசக் கடைசியில் டீச்சரே வந்து பட்டறை வாசலில் நின்றாள்.

"அண்ணே, தெக்குக் கொப்பு எறங்குது."

"தெரியும் டீச்சர்."

"முந்தாநாளைக்கு இன்னிக்கி ஒரு சாண் தாழ்ந்திருக்கு. கூழைக்கடா வந்து ஒக்காந்தா ஊஞ்சலாட்டம் ஆடுது. குஞ்சுகளுக்கு இன்னும் றெக்கை முத்தலண்ணே. மாசி பாதியாவது ஆகணும். இப்ப விழுந்தா நேரா ஆழத்துலதான் விழும்."

"அவ அதுக்குள்ள கரைஞ்சிருவா டீச்சர்" என்றார் ஆசாரி. சொன்ன பிறகுதான் வாய்விட்டுச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. டீச்சர் பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

ஊர் கூடியது. கொப்புக்குக் கீழே பந்தல்கால் ஊன்றினார்கள். சேறு ஒவ்வொரு காலாக விழுங்கிவிட்டுப் பேசாமல் கிடந்தது. வலையைக் கட்டலாம் என்றால் கயிற்றைக் கட்டுவதற்குப் பிடிமானம் இல்லை. மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து அடிமரத்தில் சார்த்தி, வேலாண்டி வேகமாக இரண்டு படி ஏறினான். ஏணி மரத்துக்குள் புகுந்து மறுபக்கம் சாய, அவன் ஏணியோடு தண்ணீரில் விழுந்தான். மருதக்கட்டை மட்டும்தான் முட்டும் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் பழக்க தோஷத்தில் மூங்கில் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். குஞ்சுகளைக் கையால் எடுத்து இறக்கினால் தாய் திரும்பிப் பார்க்காது என்றாள் டீச்சர்.

தலையைத் துவட்டிக்கொண்டே வேலாண்டி மெல்ல ஆரம்பித்தான்: "கேக்கக் கூடாதுதான். மதினி பெட்டிய வெளிய எடுத்து, வேற பெட்டி மாத்தி வச்சா..." மாதா கோயில் பங்குச் சாமியார் ஆசாரியின் முகத்தைப் பார்த்தார்.

"எடுத்தா கையோட மண்ணாத்தான்டா வரும்" என்றார் சந்தியாகு ஆசாரி. குரலில் கோபம் இல்லை. "அவ தூங்கட்டும். கொப்பு போகத்தான் போகுது. அதைப் பிடிச்சு நிறுத்த முடியாது. கூட்டுக்கு அடியில வேற ஒண்ணைக் கொண்டுபோய் வைக்கணும். அந்த மரத்துக் கட்டையாவும் இருக்கணும், மூணு கூடு தாங்குற அகலமாவும் இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "என் வாசக் கதவு இருக்கு."

"அது மதலேனா ஆசப்பட்ட கதவுய்யா" என்றாள் ராக்காயி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ கொப்புல கெடக்குற பிள்ளைகளுக்குத்தான போகுது."

எல்லோரும் எழுந்து வேலையைப் பார்த்தார்கள். ஏணிக்கு நீளமான சட்டம் வேண்டும் என்றதும் மாரியம்மன் கோயில் பூசாரி சப்பரத் தண்டு இரண்டையும் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆத்தா இந்த வருஷம் தோள்மேலேயே வரட்டும், கோவிச்சுக்க மாட்டாள் என்றார். படிகளுக்குக் கட்டில் கால்கள் வந்தன, நுகத்தடி வந்தது, ராக்காயி உலக்கையைக் கொடுத்துவிட்டு இரண்டு அடி போய்த் திரும்பி வந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி கட்டிலையே தூக்கிக்கொண்டு வந்தது. நாலு நாள் பாயில் படுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்று பெண்கள் கேலி செய்ய, மாப்பிள்ளை முகம் சிவந்தான். இரும்பாணி அந்த மரத்தில் பிடிக்காது, ஊடே போய்விடும். ஆகவே கதவை அசையாமல் நிறுத்த மருதத்திலேயே முளைகள் வேண்டும். பெண்கள் அகப்பைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். ஆசாரி காம்புகளை மட்டும் அறுத்து முளையாகச் சீவினார். விழுந்த தூளைக்கூட ஒரு சாக்கில் அள்ளிக் கட்டி, தீப்படாத இடமாகப் பார்த்து வைத்தார்கள்.

ஏணி தயாரான அன்று காலையில் அவர் கதவைக் கழற்றினார். கீல்களை எடுத்தார், தாழ்ப்பாளை எடுத்தார், முளை இறங்குவதற்குத் துளைகள் போட்டார். கதவு போன வாசல் வழியாக வெயில் பட்டறை வரைக்கும் வந்து விழுந்தது.

தெற்குக் கொப்புக்கு ஒரு முழம் கீழே, அதே பக்கமாக ஓடுகிற இன்னொரு கொப்பு உண்டு; மாதா கோயில் பெஞ்சாகிப்போன கொப்பு. பெஞ்சு திடமாக இருக்கிறது, ஆகவே கொப்பும் திடமாக இருக்கும். கதவின் ஒரு முனையை மரத்தின் கவட்டையிலும் மறு முனையைக் கீழ்க்கொப்பிலும் உட்காரவைத்து, கொப்பின் இரண்டு பக்கமும் அணைத்தாற்போலக் கதவின் துளைகளில் முளைகளை இறக்கிவிட்டால் கதவு எந்தப் பக்கமும் நழுவாது. அதுதான் அவர் கணக்கு. பறவைகள் இரை தேடிப் போகிற நேரமாகப் பார்த்து, சப்பரத் தண்டு ஏணியைக் கரையிலிருந்து கவட்டைக்குச் சார்த்தினார்கள். டொக் என்று ஏணி மரத்தில் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் கரையில் இருந்த அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சந்தியாகு ஆசாரி முளை அடிக்கிற மரச்சுத்தியலான கொட்டாப்புளியை இடுப்பில் சொருகிக்கொண்டு, அவர் கையால் அறுத்துத் துண்டு போட்ட மரத்தின் மேல் ஏறினார்.

மேலே போகப் போக நாலா பக்கமும் கூடுகள். நாரைக் குஞ்சுகள் அலகை உரசிக்கொண்டு அவரைப் பார்த்தன. காலுக்குக் கீழே ஏணிப்படி, அதற்குக் கீழே ஒன்றுமில்லை, எவ்வளவோ கீழே தண்ணீரில் ஆகாயம். ஆனால் அவரைச் சுற்றி மரத்தின் வாசனை இருந்தது. முதன்முதலில் வாள் இறங்கும்போது பச்சை மருதத்திலிருந்து வருமே, அதே வாசனை. இலை இல்லாத இடத்தில் இலைகள் சலசலத்தன. தான் இதுவரை கட்டை என்று நினைத்துத் தட்டியும் தறித்தும் இழைத்தும் வந்ததெல்லாம் இதுதானா என்று அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

ஏணியின் மேலேயே கதவைப் படுக்கவைத்து, கீழிருந்து ஆட்கள் நீள மூங்கிலால் தள்ளினார்கள். வைரக்கதவு கனத்தது, நழுவியது, ஏறியது. அவர் அதன் தலைப்பை வாங்கிக் கூடுகளுக்கு அடியில், குஞ்சுகள் மிரளாமல், அங்குலம் அங்குலமாக உள்ளே செலுத்தினார். கவட்டை முனையில் முளைகள் இறங்கின. பிறகு ஏணியை எடுத்து, தண்ணீருக்குள் நின்ற மடைக்கல்லின் மேல் ஊன்றி, கதவின் மறு முனைக்கு நேராகக் கீழ்க்கொப்பில் சார்த்தினார்கள். அவர் மறுபடி ஏறினார். வேலாண்டி பின்னாலேயே ஏறி நடுப்படியில் நின்றான்.

தலைக்கு மேல் தெற்குக் கொப்பு இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, கை வைத்தால் தட்டுப்படாது. கொட்டாப்புளி அதே மரத்து முண்டில் செய்தது. அதைக் கொண்டு மெல்லத் தட்டினார். நல்ல மரம் டொக் என்று சொல்லும். இது 'பொத்' என்றது.

"மதலேன்" என்றார். "இன்னும் செத்த நேரம் பிடிச்சுக்கடி. ஒரு பக்க முளை எறங்கிருச்சு. இன்னும் ஒண்ணுதான்."

அவள் அவ்வளவு நேரம் பிடித்துக்கொள்ளவில்லை. அல்லது அவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டாள். கடைசி முளையைக் கையில் எடுத்துத் துளைக்கு நேராக வைக்கும்போது மேலே லேசாக ஒரு நெட்டுயிர்ப்புப் போல ஏதோ கேட்டது. மூன்று கூடுகளும், ஒரு சாண், ஒரே சீராக இறங்கிக் கதவின் மேல் உட்கார்ந்தன. குஞ்சுகள் கத்தின. எதிர்பாராத கனத்தில் கதவு முளையில்லாத பக்கமாக நழுவப் பார்த்தது. அவர் யோசிக்கவே இல்லை. குனிந்து வலது தோளைக் கதவுக்கு அடியில் கொடுத்துவிட்டார். கதவு நின்றது. கொட்டாப்புளியை மேலே நீட்டித் துழாவினார். எதுவும் முட்டவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளித் துழாவினார். காற்றுதான் இருந்தது.

அவருக்கு அழுகை வந்தது. கல்லறையில் கைப்பிடி மண் போட்டபோதுகூட வராத அழுகை, ஏணியின் உச்சியில், தோளில் கதவோடு நிற்கும்போது வந்தது. கீழே இருந்தவர்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. பங்குச் சாமியார் தொப்பியைக் கழற்றினார். ஒருவர் பார்த்து ஒருவராக எல்லோரும் தலைத்துண்டை எடுத்துவிட்டார்கள். மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில் பிள்ளை ஓடிப்போய், நாக்கில் துணி சுற்றின மணியை, ஆள் இறந்தால் அடிக்கிறபடி விட்டு விட்டு அடித்தார்.

"அண்ணே, அசையாதீக" என்று கரையிலிருந்து டீச்சரின் குரல் தாழ்ந்து வந்தது. "தாய் வருது."

கூழைக்கடா மேற்கிலிருந்து வந்தது. தொங்குபை நிறைய மீனோடு, பெரிய இறக்கைகளை அடிக்காமல் விரித்துப் பிடித்து, மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. கொப்பு இருந்த இடத்தில் கொப்பு இல்லை. வேறு ஏதோ ஒரு பலகை, அடியில் ஒரு மனிதன். பறவை எழும்பித் தூரப் போனது. குஞ்சுகள் அது போன பக்கமே கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தின. ஊர் முழுவதும் கரையில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டது. குழந்தை அழுதுவிடக் கூடாது என்று ஒருத்தி முந்தானையை அதன் வாயில் திணித்தாள். பறவை திரும்பி வந்தது, தாழ்ந்தது, காலை நீட்டியது, நீட்டிய காலை மடக்கிக்கொண்டு மறுபடி எழும்பிவிட்டது. "வாத்தா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "வந்துரு ஆத்தா."

மறுபடி வந்தது. இந்தத் தடவை இறக்கைகளின் காற்று சந்தியாகு ஆசாரியின் நரைத்த தலைமயிரைக் கலைத்தது. சவ்வு விரிந்த கால்கள் வைரப் பலகையில் பட்டன, வழுக்கின, ஊன்றின. அதன் கனம் பலகை வழியாக இறங்கி அவர் தோளுக்கு வந்து, தோளிலிருந்து முதுகுக்கும் முழங்காலுக்கும் போய், ஏணிப்படியை ஒரு முனகு முனகச் செய்தது. அவர் கண்ணுக்குக் கையெட்டும் தூரத்தில் தாய் அலகைத் திறந்தது. குஞ்சு தலையை உள்ளே விட்டு, கழுத்தை உள்ளே விட்டு, பாதி உடம்பையும் பைக்குள் நுழைத்துக்கொண்டு தின்றது. தின்னத் தின்னக் கதவு அவர் தோளில் மெல்ல மெல்ல அசைந்தது. நோயில் கிடந்த மதலேனாளைக் கட்டிலுக்கும் கிணற்றடிக்கும் தூக்கிச் சுமந்த நாட்களுக்குப் பிறகு, உயிருள்ள ஒன்றின் கனம் அவர்மேல் வந்து இறங்கியது இப்போதுதான்.

"அண்ணே" என்று நடுப்படியிலிருந்து வேலாண்டி கிசுகிசுத்தான். "முளை கையிலதான இருக்கு? அடிச்சிட்டு எறங்குங்க. தோள் போயிரும்."

"அடிச்சா சத்தத்துக்குப் பறந்துரும்டா. திங்கட்டும்."

"கனமா இல்லையாண்ணே?"

"கனமாத்தான் இருக்கு" என்றார் சந்தியாகு ஆசாரி. "நீ எறங்கு. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்."